ஏஎம்டி குவாட் எஃப்எக்ஸ் தளம்: ஒரு திறனாய்வு

குவாட் எஃப்எக்ஸ் என்பது ஏஎம்டி நிறுவனம் 2006 நவம்பர் 30 அன்று வெளியிட்ட உயர்திறன் மேசைக்கணினி வன்பொருள் தளமாகும். இரண்டு இரட்டைக்கருச் செயலிகளை ஒரே தாய்ப்பலகையில் பொருத்தி, மொத்தம் நான்கு கருக்கள் கொண்ட கணினியை வீட்டு மேசைக்குக் கொண்டுவருவது இதன் நோக்கம். வெளியாகி ஓராண்டு கழிவதற்குள் இதன் வளர்ச்சி நின்றுபோனது. அடுத்த தலைமுறைச் செயலி எதுவும் இதற்கு வரவில்லை.

இத்தளத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: இன்டெலிடம் தோற்றது, மின்சாரத்தை விழுங்கியது, மறைந்தது. அந்த வரியில் பிழை இல்லை. ஆனால் முக்கியமான ஒன்றை அது விட்டுவிடுகிறது. குவாட் எஃப்எக்ஸை வாங்கியவர்கள் நான்கு கருக்களுக்கு மட்டும் பணம் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு எட்டுக் கருக்கள் கிடைக்கும் என்ற உறுதிமொழிக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்த உறுதிமொழி ஏன் நிறைவேறவில்லை, பின்வந்த தளங்களில் அது எப்படித் திரும்பத் திரும்ப நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தளம் என்பது என்ன

செயலி தனியாக இயங்குவதில்லை. அதைத் தாங்கும் சாக்கெட், பிற உறுப்புகளோடு இணைக்கும் சிப்செட், இவற்றைச் சுமக்கும் தாய்ப்பலகை, ஏற்கப்படும் நினைவக வகை, தேவைப்படும் மின்வழங்கி, குளிர்விப்பு ஆகிய எல்லாம் சேர்ந்ததே வன்பொருள் தளம். இவற்றுள் ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் மாற்ற நேரலாம். ஆகவே ஒரு தளத்தைத் தேர்ந்தெடுப்பவர் இன்றைய வேகத்தோடு நாளைய வாய்ப்புகளையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

நம் ஊர்களில் ஒரு மாடி வீடு கட்டுபவர்கள், பிற்காலத்தில் மேல்மாடி எழுப்பலாம் என்று தூண்களின் கம்பிகளை வெட்டாமல் மேலே நீட்டி விட்டுவைப்பதுண்டு. தளத்தின் சாக்கெட்டும் அப்படிப்பட்ட கம்பிதான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மேல்மாடி எழுப்புவதா வேண்டாமா என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்கிறார். கணினியில் அந்த முடிவு முழுக்க உற்பத்தியாளரிடம் இருக்கிறது.

2006-இன் நெருக்கடி

2003-இல் வெளியான அத்லான் 64 செயலியும் 2005-இல் வந்த இரட்டைக்கரு அத்லான் 64 எக்ஸ்2 செயலியும் இன்டெலின் பென்டியம் 4 வரிசையை விடத் திறனில் முன்னணியில் இருந்தன. நினைவகக் கட்டுப்பாட்டகத்தைச் செயலிக்குள்ளேயே வைத்தது ஏஎம்டியின் பெரும் பலம். 2006 சூலையில் இன்டெல் கோர் 2 டுவோவை வெளியிட்டபோது நிலைமை தலைகீழானது. குறைந்த மின்சாரத்தில் கூடுதல் வேகம் என்ற இரட்டை வெற்றி இன்டெலுக்குக் கிடைத்தது.

அடுத்த பந்தயம் நான்குகருச் செயலி. ஏஎம்டி ஒரே சில்லில் நான்கு கருக்களையும் வடிவமைத்துக்கொண்டிருந்தது. அது 2007-க்கு முன் தயாராகாது. இன்டெல் குறுக்குவழியில் சென்றது. இரண்டு இரட்டைக்கருச் சில்லுகளை ஒரே உறைக்குள் அடுத்தடுத்து வைத்து, 2006 நவம்பரில் கோர் 2 எக்ஸ்ட்ரீம் கியூஎக்ஸ்6700 என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. வேகம் 2.66 கிகாஹெர்ட்ஸ், விலை 999 டாலர். இது உண்மையான நான்குகரு அன்று என்று ஏஎம்டி வாதிட்டது. பொறியியல் நோக்கில் அந்த வாதத்தில் நியாயம் இருந்தாலும், கடைக்குச் சென்றவருக்குக் கிடைத்தது இன்டெலின் செயலிதான்.

இந்த இடைவெளியை நிரப்பவே ஏஎம்டி தன் சேவையகத் தொழில்நுட்பத்தை எடுத்தது. ஆப்டெரான் வரிசையில் இரண்டு செயலிகளை ஒரே பலகையில் இணைக்கும் முறை ஏற்கெனவே நன்கு பழகியிருந்தது. அதை மேசைக்கணினிக்கு மாற்றும் திட்டத்தை 2006 சூன் மாதத்தில் 4x4 என்ற பெயரில் அறிவித்தது. நான்கு கருக்கள், நான்கு வரைகலைச் செயலிகள் என்பது அப்பெயரின் பொருள். விற்பனைக்கு வந்தபோது அது குவாட் எஃப்எக்ஸ் ஆனது.

அமைப்பு

செயலிகள் இணையாகவே விற்கப்பட்டன. 2.6 கிகாஹெர்ட்ஸ் எஃப்எக்ஸ்-70 இணை 599 டாலர், 2.8 கிகாஹெர்ட்ஸ் எஃப்எக்ஸ்-72 இணை 799 டாலர், 3.0 கிகாஹெர்ட்ஸ் எஃப்எக்ஸ்-74 இணை 999 டாலர். எல்லாம் 90 நானோமீட்டர் முறையில் உருவானவை. ஒவ்வொரு செயலியின் வெப்ப வரையறையும் 125 வாட். ஆக, ஒரு கணினிக்குள் செயலிகளுக்கு மட்டும் 250 வாட் வெப்பத்தைச் சமாளிக்க வேண்டும். இன்டெல் கியூஎக்ஸ்6700-இன் வரையறை 130 வாட்.

இவை 1207 தொடுமுனைகள் கொண்ட சாக்கெட்டில் பொருந்தின. ஆப்டெரானின் சாக்கெட் எஃப் வகையைச் சார்ந்தது அது. ஆனால் சேவையகங்களுக்குரிய விலையுயர்ந்த பதிவு நினைவகம் தேவைப்படவில்லை, வழக்கமான டிடிஆர்2 நினைவகமே போதும். மேசைக்கணினிப் பயனருக்கு இது நல்ல சலுகை.

தாய்ப்பலகை ஒன்றே ஒன்று. ஏசூஸ் நிறுவனத்தின் எல்1என்64-எஸ்எல்ஐ டபிள்யூஎஸ். என்விடியாவின் என்ஃபோர்ஸ் 680ஏ சிப்செட்டைக் கொண்ட அப்பலகையில் நான்கு நீள வரைகலை அட்டை இடங்களும் பன்னிரண்டு சாட்டா இணைப்புகளும் இருந்தன. அன்றைய மேசைக்கணினிப் பலகைகளில் இது அபூர்வமான வசதி.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். 2006 அக்டோபரில் ஏறத்தாழ 540 கோடி டாலர் மதிப்பில் ஏடிஐ நிறுவனத்தை ஏஎம்டி வாங்கி முடித்தது. வரைகலைச் செயலித் துறையில் என்விடியாவின் முதன்மைப் போட்டியாளர் ஏடிஐ. வாங்கிய அடுத்த மாதமே ஏஎம்டி தன் மிக உயர்ந்த தளத்தை என்விடியாவின் சிப்செட்டை மட்டும் நம்பி வெளியிட்டது. ஒரே பலகை, அந்தப் பலகைக்கு ஒரே சிப்செட், அந்தச் சிப்செட்டைத் தருபவர் போட்டியாளர். எதிர்காலம் உண்டு என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு தளத்துக்கு இதைவிட மெல்லிய அடித்தளம் இருக்க முடியாது.

பொறியியல் மதிப்பீடு

காகிதக் கணக்கில் குவாட் எஃப்எக்ஸ் வலுவான தளம். இரண்டு செயலிகளுக்கும் தனித்தனி நினைவகக் கட்டுப்பாட்டகம் உண்டு. டிடிஆர்2-800 நினைவகத்தோடு ஒவ்வொன்றும் நொடிக்கு 12.8 கிகாபைட் தரவைப் பெறலாம். இரண்டும் சேர்ந்து 25.6 கிகாபைட். கியூஎக்ஸ்6700-இன் நான்கு கருக்களோ, நொடிக்கு 8.5 கிகாபைட் மட்டும் செல்லும் ஒரே பாட்டையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. மூன்று மடங்கு வேறுபாடு.

இருந்தும் பெரும்பாலான சோதனைகளில் இன்டெல் வென்றது. காரணம் மூன்று. முதலாவது, கோர் 2-இன் கருக்கள் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் கூடுதல் வேலையைச் செய்தன. பெரிய பதுக்கு நினைவகமும் தரவை முன்கூட்டியே எடுத்துவைக்கும் உத்தியும் சேர்ந்து, பாட்டையின் குறுகலைப் பெருமளவு மறைத்துவிட்டன. குறுகிய தெருவில் குடியிருந்தாலும், மளிகையை மாதத்துக்கு ஒருமுறை வாங்கி அடுக்கிவைக்கும் வீட்டுக்கு அந்தத் தெரு அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை.

இரண்டாவது, நினைவகம் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு செயலிக்குத் தேவையான தரவு மற்றதன் நினைவகத்தில் இருந்தால், இடையிலுள்ள ஹைப்பர்டிரான்ஸ்போர்ட் இணைப்பு வழியாகச் சென்று எடுத்துவர வேண்டும். அருகிலுள்ள நினைவகத்தைவிட இதற்குக் கூடுதல் நேரம் ஆகும். சீரற்ற நினைவக அணுகல், சுருக்கமாக நூமா, எனப்படும் இந்த அமைப்பில் எந்த வேலையை எந்தச் செயலியிடம் தருவது என்பதை இயங்குதளம் அறிந்து பங்கிட வேண்டும். அன்று பரவலாகப் பயன்பட்ட 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இந்த அறிவு இல்லை. எக்ஸ்பி ஹோம் பதிப்போ இரண்டாவது சாக்கெட்டையே ஏற்காது. விஸ்டா வந்தால் சரியாகும் என்றார்கள். விஸ்டா 2007 சனவரி இறுதியில்தான் பொதுமக்களுக்குக் கிடைத்தது. ஆக, வன்பொருளின் எதிர்காலத்தை நம்பி வாங்கியவர் மென்பொருளின் எதிர்காலத்தையும் நம்ப வேண்டியதாயிற்று.

மூன்றாவது, நான்கு கருக்களுக்கும் வேலை தரக்கூடிய மென்பொருள் அன்று குறைவு. விளையாட்டுகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு கருக்களையே பயன்படுத்தின. இதைச் சமாளிக்க ஏஎம்டி மெகாடாஸ்கிங் என்ற விளம்பரச் சொல்லை முன்வைத்தது. ஒரே நேரத்தில் பல கனமான வேலைகளைச் செய்வது என்று அதற்குப் பொருள். விளையாடிக்கொண்டே காணொளியை மாற்றியமைப்பது போன்ற வேலைகளைக் காட்டி அதன் தேவையை நிறுவ முயன்றார்கள். ஒரு பொருளை விற்பதற்காக அதற்குரிய தேவையையே புதிதாகப் பெயரிட வேண்டிவந்தால், அந்தத் தேவை இன்னும் பலருக்கு ஏற்படவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அடிப்படைச் சிந்தனை தவறு என்று முடிவு கட்டுவது பொருந்தாது. 2008-இல் இன்டெலும் நெகலெம் வடிவமைப்பில் நினைவகக் கட்டுப்பாட்டகத்தைச் செயலிக்குள் கொண்டுவந்தது, பகிரப்படும் பாட்டையைக் கைவிட்டது. ஏஎம்டி சென்ற திசையிலேயே இன்டெலும் பின்னர் சென்றது என்பதே உண்மை. குவாட் எஃப்எக்ஸ் தோற்றது அதன் கருக்களாலும் அது வந்த காலத்தாலும்தான். செயலிகளை இணைத்த முறைமீது குறை சொல்ல அதிகமில்லை.

எட்டுக்கரு உறுதிமொழி

வெளியீட்டின்போதே ஏஎம்டி ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. 2007-இல் நான்குகருச் செயலிகள் வந்ததும் இதே தளத்தில் அவற்றைப் பொருத்தி எட்டுக் கருக்களாக உயர்த்திக்கொள்ளலாம் என்பதே அது. இன்டெலின் நான்குகருச் செயலியை வாங்குபவருக்கு அன்று இப்படியொரு வழி இல்லை. ஆகவே குவாட் எஃப்எக்ஸை வாங்குவதற்கு இருந்த மிக வலுவான காரணம் இதுதான். இன்றைய போட்டியில் பின்தங்கினாலும் நாளை முந்தலாம் என்று வாங்குபவர் தன்னைத் தேற்றிக்கொள்ள இடம் இருந்தது.

2007-இல் நடந்தவை வேறு. சேவையகங்களுக்கான நான்குகரு ஆப்டெரான் தாமதமாகி செப்டம்பரில் அறிமுகமானது. மேசைக்கணினிக்கான ஃபினாம் நவம்பரில் வந்தது. அதன் உச்ச வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ். எஃப்எக்ஸ்-74 ஓடிக்கொண்டிருந்த 3.0 கிகாஹெர்ட்ஸை அது நெருங்கவே இல்லை. போதாக்குறைக்கு, முகவரி மாற்றப் பதுக்கத்தில் ஒரு வடிவமைப்புப் பிழை வெளிப்பட்டது. அதைத் தவிர்க்கும் பயாஸ் திருத்தம் செயலியின் வேகத்தைக் குறைத்தது. பிழை நீங்கிய செயலிகள் 2008-இல்தான் வந்தன.

இதற்கிடையே குவாட் எஃப்எக்ஸின் அடுத்த கட்டமாக ஃபாசினேட் என்ற தளத்தை ஏஎம்டி அறிவித்திருந்தது. எட்டு என்ற எண்ணைப் பெயரின் எழுத்துக்கூட்டலுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அதற்கெனத் திட்டமிட்ட ஃபினாம் எஃப்எக்ஸ் செயலிகள் சந்தைக்கு வரவே இல்லை. ஒற்றைச் சாக்கெட் கொண்ட ஸ்பைடர் தளத்துக்கு ஏஎம்டி தன் கவனத்தை மாற்றியது. இரட்டைச் சாக்கெட் திட்டம் கைவிடப்பட்டது.

அதே காலத்தில் எதிர்ப்பக்கம் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2007 சனவரியில் இன்டெல் 851 டாலருக்கு அறிமுகப்படுத்திய நான்குகரு கோர் 2 குவாட் கியூ6600, அவ்வாண்டு சூலையில் 266 டாலராக விலை குறைந்தது. எட்டு மாதங்களுக்கு முன் 599 முதல் 999 டாலர் வரை செயலிகளுக்கும், அதற்குமேல் ஒரே ஒரு பலகைக்கும், பெரிய மின்வழங்கிக்கும் செலவிட்டவரின் நான்கு கருக்கள் இப்போது நடுத்தர விலைக் கணினியில் கிடைத்தன. அவரிடம் எஞ்சியிருந்த ஒரே மேன்மை மேம்படுத்தும் வாய்ப்பு. அதுவும் ஆண்டு இறுதிக்குள் போய்விட்டது.

ஏன் கைவிட முடிந்தது

பணநெருக்கடி ஒரு காரணம். 2007-இல் ஏஎம்டியின் நட்டம் ஏறத்தாழ 338 கோடி டாலர். ஏடிஐ கொள்முதலால் வந்த கடனும் மதிப்பிழப்பும் அதில் அடக்கம். அந்த நிலையில் சிறு எண்ணிக்கையில் விற்கும் ஒரு தளத்துக்காகத் தனிச் செயலி, தனிச் சோதனை, தனிப் பலகை என்று செலவிட முடியாது என்பதை யாரும் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் பணநெருக்கடி ஏன் கைவிட்டார்கள் என்பதைத்தான் விளக்குகிறது. ஏன் கைவிட முடிந்தது என்பதற்கு விடை வேறு இடத்தில் இருக்கிறது. குவாட் எஃப்எக்ஸை வாங்கியவர்கள் மிகச் சிலர். அவர்கள் ஒவ்வொருவரும் செலவிட்ட தொகை பெரிது, ஆனால் எண்ணிக்கையில் அவர்கள் ஒரு சந்தையாகவில்லை. அவர்களை ஏமாற்றுவதால் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பு, அவர்களுக்குச் சொன்னதைச் செய்ய ஆகும் செலவைவிடக் குறைவாக இருந்தது. பலகை தயாரிப்பவர் ஒருவர் மட்டும் என்பதால், பல நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து அழுத்தம் தரும் நிலையும் இல்லை.

இதிலிருந்து ஒரு கருத்தை முன்வைக்கலாம். வன்பொருள் தளம் ஒன்றின் உறுதிமொழிக்கு வலுவைத் தருவது அதை வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை. அவர்கள் கொடுத்த விலை அந்த வலுவைக் கூட்டுவதில்லை. அதிக விலை கொடுத்தவருக்கு அதிகப் பாதுகாப்பு கிடைக்கும் என்று நாம் இயல்பாக எண்ணுகிறோம். உயர்திறன் மேசைக்கணினியில் பலமுறை இதற்கு நேர்மாறாகவே நடந்திருக்கிறது.

பிற தளங்களோடு ஒப்பீடு

இன்டெல்லின் ஸ்கல்டிரெய்ல் 2008 பிப்ரவரியில் வந்தது. இரண்டு நான்குகருச் செயலிகள், எட்டுக் கருக்கள். ஏஎம்டி தருவதாகச் சொன்னதை இன்டெல் செய்து காட்டியது எனலாம். செயலி ஒன்றின் விலை 1,499 டாலர், வெப்ப வரையறை 150 வாட். நினைவகம் சேவையகங்களுக்குரிய விலையுயர்ந்த வகை. அவ்வாண்டு நவம்பரிலேயே நெகலெம் வந்துவிட்டது, வேறு சாக்கெட், வேறு நினைவகம். ஒன்பது மாதத்தில் ஸ்கல்டிரெய்லின் பாதையும் முடிந்தது. பணநெருக்கடி இல்லாத நிறுவனமும் இதையே செய்தது என்பதால், குவாட் எஃப்எக்ஸின் முடிவை ஏஎம்டியின் வறுமை ஒன்றாலேயே விளக்கிவிட முடியாது.

நெகலெமின் எக்ஸ்58 தளம் இதற்கு எதிர்மாறான எடுத்துக்காட்டு. ஒற்றைச் சாக்கெட். 999 டாலர் செயலியும் 284 டாலர் கோர் ஐ7-920 செயலியும் அதே பலகையில் பொருந்தின. பல நிறுவனங்கள் பலகைகளைத் தயாரித்தன, வாங்கியவர்களும் பலர். 2010 மார்ச்சில் அதே சாக்கெட்டுக்கு ஆறுகரு கோர் ஐ7-980எக்ஸ் வந்தது. பல ஆண்டுகளுக்குப் பின்னும், சேவையகங்களிலிருந்து கழிக்கப்பட்ட ஆறுகரு சியான் செயலிகளைக் குறைந்த விலைக்கு வாங்கி இப்பலகைகளில் பொருத்தியவர்கள் ஏராளம். இந்தத் தளத்தின் ஆயுளை நீட்டியவர்கள் 284 டாலர் வாடிக்கையாளர்கள்தான்.

2017-இல் ஏஎம்டி மீண்டும் உயர்திறன் மேசைக்கணினிக்கு வந்தது, திரெட்ரிப்பர் என்ற பெயரில். அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான பதினாறுகரு 1950எக்ஸ் 999 டாலர். அதன் உறைக்குள் இரண்டு எட்டுக்கருச் சில்லுகள், ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகக் கட்டுப்பாட்டகம், இடையில் ஓர் இணைப்பு. பத்தாண்டுகளுக்கு முன் இரண்டு சாக்கெட்டுகளில் விரிந்திருந்த குவாட் எஃப்எக்ஸின் வரைபடமே ஒரே சாக்கெட்டுக்குள் சுருங்கி வந்ததுபோல் இருந்தது. நூமா சிக்கலும் கூடவே வந்தது. நினைவகத்தைப் பிரித்துக் காட்டவும் ஒன்றாகக் காட்டவும் பயனருக்கு விருப்பத்தேர்வு தர வேண்டியிருந்தது. விளையாட்டுகளுக்காகப் பாதிக் கருக்களை அணைத்துவைக்கும் முறையும் சேர்க்கப்பட்டது. 2018-இல் வந்த 32 கரு 2990டபிள்யூஎக்ஸில் நான்கு சில்லுகளில் இரண்டுக்கு நேரடி நினைவக இணைப்பே கிடையாது. லினக்ஸ் அதைக் கையாண்ட அளவுக்கு விண்டோஸால் அன்று கையாள முடியவில்லை. 2006-இன் பாடம் மாறவில்லை: வன்பொருளின் அமைப்பை மென்பொருள் அறியாவிட்டால் கருக்களின் எண்ணிக்கை வெறும் எண்தான்.

மாறாத இன்னொரு பாடமும் உண்டு. 2019 நவம்பரில் மூன்றாம் தலைமுறைத் திரெட்ரிப்பர் டிஆர்எக்ஸ்40 என்ற புதிய தளத்தோடு வந்தது. தொடுமுனைகளின் எண்ணிக்கை பழைய சாக்கெட்டைப் போலவே 4,094. ஆனால் பழைய எக்ஸ்399 பலகைகளில் புதிய செயலி இயங்காது. புதிய தளத்தில் 24 கருவுக்கு 1,399 டாலரும் 64 கருவுக்கு 3,990 டாலரும் கொடுத்தவர்களுக்கு அடுத்த தலைமுறையே வரவில்லை. 2022-இல் வந்த 5000 வரிசை, புரோ என்ற பணிநிலையக் கணினி வகைக்கு மட்டும், வேறு தளத்தில் வந்தது. மேசைக்கணினித் திரெட்ரிப்பர் 2023 நவம்பரில் திரும்பியபோது சாக்கெட்டும் நினைவகமும் மாறியிருந்தன. இம்முறை ஏஎம்டி ஏழ்மையில் இல்லை. அதன் வரலாற்றிலேயே செழிப்பான காலங்களில் ஒன்று அது.

இதே நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட்டை அருகில் வைத்துப் பார்த்தால் விடை துலங்கும். 2017-இல் ரைசன் செயலிகளோடு பரவலான ஏஎம்4, சாதாரணப் பயனருக்கான மலிவான தளம். 2020 வரை ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருந்தது. 2020 மே மாதத்தில், வரவிருக்கும் ஜென் 3 செயலிகள் 400 வரிசைப் பலகைகளில் இயங்காது என்று அறிவித்தது. பயனர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. சில வாரங்கள்கூட ஆகவில்லை, ஏஎம்டி முடிவை மாற்றிக்கொண்டது. பின்னர் 2022-இல் அதற்கும் முந்தைய 300 வரிசைப் பலகைகளுக்கும் வழி திறந்தது. முதல் ரைசனை வாங்கியவர் ஐந்தாண்டுகள் கழித்து அதே பலகையில் 5800எக்ஸ்3டி செயலியைப் பொருத்த முடிந்தது.

நூறு டாலர் பலகைக்காரர்களின் கோபம் நிறுவனத்தின் முடிவை மாற்றியது. நாலாயிரம் டாலர் செயலிக்காரர்களின் கோபத்தால் அது முடியவில்லை.

மறுதரப்பு

இந்த வாதத்துக்கு எதிராகவும் சில சொல்லலாம். உயர்திறன் தளத்தை வாங்குபவர் பெரும்பாலும் அந்த வேகத்தால் உடனே பயன்பெறுகிறார். காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைகலை, பெரிய நிரல்களைத் தொகுத்தல் போன்ற வேலைகளில் மணிக்கணக்கில் நேரம் மிச்சமாகும். செலவிட்ட பணம் ஓராண்டில் திரும்பிவிட்டால், அடுத்த தலைமுறை வராததால் அவருக்கு நட்டமில்லை. 2019-இல் 3970எக்ஸ் வாங்கிய ஒரு தொழில்முறைக் கலைஞர் இந்தக் கணக்கில் வென்றிருக்கலாம். அன்று அந்த விலையில் 32 கருக்களை வேறு யாரும் மேசைக்கணினிக்குத் தரவில்லை.

மேலும், பழைய சாக்கெட்டைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தால் புதிய நினைவகமும் புதிய இணைப்பு வேகங்களும் வர முடியாது. சில வேளைகளில் தளத்தை முறிப்பது பொறியியல் தேவை.

இரண்டு வாதங்களும் ஏற்கத்தக்கவையே. ஆனால் இவை குவாட் எஃப்எக்ஸுக்குப் பொருந்தவில்லை. வெளியான நாளிலேயே அது போட்டியாளரைவிட மெதுவாக இருந்தது. ஆகவே உடனடி வேகத்தால் பணம் திரும்பும் என்ற கணக்கு அங்கே செல்லாது. சாக்கெட்டை முறிக்க வேண்டிய பொறியியல் தேவையும் எழவில்லை. அதே குடும்பத்துச் சாக்கெட்டில் நான்குகரு ஆப்டெரான்கள் சேவையகங்களில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சேவையக வாடிக்கையாளர் பலர் என்பதால் அவர்களுக்குச் செயலி வந்தது. மேசைக்கணினி வாடிக்கையாளர் சிலர் என்பதால் அவர்களுக்கு வரவில்லை.

மதிப்பீடு

குவாட் எஃப்எக்ஸை மோசமான பொறியியல் என்று ஒதுக்குவது அநியாயம். அதன் அமைப்பு சரியான திசையில் இருந்தது, நினைவகத் தேர்வு பயனருக்கு இணக்கமாக இருந்தது, இணைப்பு வசதிகள் தாராளமாக இருந்தன. அதன் உண்மையான குறை வணிக நேர்மை சார்ந்தது. தன்னால் எப்போது தர முடியும் என்று உறுதியாகத் தெரியாத ஒன்றை, இன்றைய குறையை ஈடுசெய்யும் காரணமாக ஏஎம்டி முன்னிறுத்தியது. அன்றைய மதிப்புரைகள் வெளியீட்டு நாளின் வேகத்தைத் துல்லியமாக அளந்தன. அந்த உறுதிமொழியை அளக்க அவற்றிடம் கருவி இல்லை.

அப்படி ஒரு கருவி இன்றும் இல்லை. ஆனால் ஒரு தளத்தை ஆராயும் மாணவரும் வாங்க நினைக்கும் பயனரும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். எத்தனை நிறுவனங்கள் இதற்குப் பலகை தயாரிக்கின்றன? இதே சாக்கெட்டில் மலிவான செயலியும் உண்டா? சேவையகம் போன்ற வேறொரு பெரிய சந்தை இதே சாக்கெட்டைச் சார்ந்திருக்கிறதா, சார்ந்திருந்தால் அதற்கு வரும் செயலிகள் இந்தப் பலகையிலும் இயங்க நிறுவனம் இடம் தருகிறதா? மேம்படுத்தும் வாய்ப்பை முற்றிலும் நீக்கிவிட்டுப் பார்த்தாலும் இந்த விலை நியாயமாகப் படுகிறதா? குவாட் எஃப்எக்ஸ் முதல் இரண்டு கேள்விகளிலும் கடைசிக் கேள்வியிலும் தோற்றது. மூன்றாவதில் பாதி மட்டும் தேறியது.

மேலே நீட்டி நிற்கும் கம்பிகளைக் காட்டி ஒருவர் வீட்டை விற்க வந்தால், மாடி எழுப்பும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்ட பின்பே விலை பேச வேண்டும். 2006-இல் குவாட் எஃப்எக்ஸை வாங்கிய சிலர் அதைக் கேட்காமல் விலை கொடுத்தார்கள். அவர்களின் பலகைகளில் அந்தக் கம்பிகள் கடைசிவரை அப்படியே நின்றன.